முருகலட்சுமியைப் பற்றிய ரெண்டு பொய்கள்

முருகலட்சுமியைப் பற்றி அச்சில் ரெண்டு கதைகள் இருக்கின்றன. ரெண்டும் பொய். முதல் கதை வந்தபோது அவளுக்கு ஒன்பது வயசு. அது பொய் என்று சொல்ல வாய் இல்லை. ரெண்டாவது கதை போன பங்குனியில் வந்தது. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. வாய் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நரிக்குடிக்குப் போகிற பஸ் ரோட்டை விட்டு ரெண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவள் ஊர். அங்கே உள்ள தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறவள் அவள்தான். ஆறு மணிக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தால், எட்டரைக்குள் நாற்பத்தாறு தட்டிலும் கிச்சடியோ பொங்கலோ விழுந்துவிடும். எவனாவது காய்கறியைப் பொறுக்கி ஓரம் கட்டினால் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், தட்டு வழித்துத் துடைத்தது போலாகிவிடும். புருசன் முத்துராஜ் லோடு வேன் ஓட்டுகிறார். மகள் சுகந்தி அருப்புக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். இப்படித் தன் பாட்டுக்கு இருந்த பொம்பளையைத்தான் புத்தகம் போட்டுக் கிளப்பிவிட்டார்கள்.

நிஜத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நாமும் அந்தக் கதைக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோம்.

அது மாசி மாசம், மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரம். மாசி, பங்குனியில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அப்போதெல்லாம் பாதி வகுப்பு காலியாகத்தான் கிடக்கும். பெரியாள் ஒரு செடியில் பழம் எடுக்கிற நேரத்தில் சின்னக் கை ரெண்டு செடியில் எடுத்துவிடும். நாலாங்கிளாஸ் முருகலட்சுமியையும் ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போக விடாமல், ஆத்தா சோலையம்மாள் கடைக்காரவுக புஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரவுக என்றால் திருச்சுழியில் பலசரக்குக் கடையும், இந்த ஊரில் இருபது ஏக்கர் புஞ்சையும் வைத்திருந்த குடும்பம். அந்த வீட்டம்மா அன்றைக்குக் காலையில் செடிக்குள் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, ஆறு வயசு மகள் கிருஷ்ணப்ரியாவை மடியில் வைத்துக்கொண்டு களத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் போல, செடித் தூரில் ஒரு தோடு கிடந்தது. சிவப்புக் கல் வைத்த தோடு. முருகலட்சுமியின் காதில் அப்போது இருந்தது விளக்குமாத்துக் குச்சி. காது குத்தின ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று ஒடித்துச் சொருகியது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தோட்டைப் பார்த்ததும் என்ன தோன்றும்? நேர்மையா தோன்றும்? போட்டுப் பார்க்கணும் என்று தோன்றியது. அங்கேயே போட முடியாது. கையெல்லாம் மிளகாய்க் காந்தல், காதில் வைத்தால் காது எரிந்துவிடும். வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போடலாம் என்று, இடுப்பில் கட்டியிருந்த மடித்துணியின் முனையில் வைத்து முடிந்துகொண்டாள். அதற்கு அப்புறம் என்ன என்று அவள் யோசிக்கவில்லை. ஒன்பது வயசு அவ்வளவு தூரம் யோசிக்காது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பொம்பளைகள் எல்லாரும் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வரப்பேற வேண்டும். ஒரு பழம் துணியில் ஒட்டியிருந்தாலும் பேச்சு வாங்க வேண்டியதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகளை உதறச் சொல்கிற வழக்கம் கிடையாது. அது தெரிந்துதான் அவள் மடியில் முடிந்தாள். அன்றைக்கென்று பார்த்து, கிளம்புகிற நேரத்தில் வீட்டம்மா காதைத் தடவிப் பார்த்துவிட்டார்கள். பெரியவ சின்னவ எல்லாரும் உதறுங்க என்று உத்தரவாகிவிட்டது.

மகள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, மடித்துணியை அவிழ்த்து உதறினது சோலையம்மாளேதான். முடிச்சு கனத்தது. பிரித்தாள். தோடு மண்ணில் விழுந்தது. வீட்டம்மா பிள்ளையைத் தொடக்கூட இல்லை. அவுகளுக்கு அந்தச் சிரமமே வைக்காமல் ஆத்தா அடித்தாள். மிளகாய்க் கையால், கன்னத்தில், கண்ணில், பட்ட இடத்திலெல்லாம் அடித்தாள். வீட்டம்மா 'போதும்' என்று சொல்கிற வரை அடித்தாக வேண்டும், இல்லையென்றால் மறுநாள் வேலை இல்லை. அந்தப் 'போதும்' சீக்கிரத்தில் வரவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

பள்ளிக்கூடத்து பால்சாமி வாத்தியார் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர். மதுரையில் அச்சடித்துச் சிறு சிறு புத்தகமாக வரும். ஆறு மாசம் கழித்து வந்த ஒன்றில் 'நேர்மைக்கு ஒரு பாவாடை' என்று ஒரு கதை. சனிக்கிழமை விடுமுறையில் தாய்க்கு உதவப் போன லட்சுமி என்ற சிறுமி, வயலில் கிடந்த தோட்டைக் கண்டாளாம், ஓடோடிச் சென்று இரு கைகளாலும் நீட்டினாளாம். பரிசு தர வந்தபோது, "பிறர் பொருள் நமக்கெதற்கு அம்மா" என்று தலை குனிந்தாளாம். மனம் நெகிழ்ந்த வீட்டம்மா ஒரு புதுப் பாவாடை தந்தாராம். புதன்கிழமை சனிக்கிழமையாகிவிட்டது. அடி பாவாடையாகிவிட்டது. படத்தில் உள்ள லட்சுமிக்கு ரெட்டைச் சடை, கன்னத்தில் குழி. காதில் தோடு வேறு வரைந்திருந்தார்கள், அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இதைவிடக் கூத்து, புத்தகம் வந்த பிறகு கடைக்காரவுக வீட்டிலிருந்து நிஜமாகவே ஒரு பாவாடை வந்தது. வாத்தியார் எழுதிவிட்டாரே, கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காதே என்று. வீட்டம்மாவுக்கு ஊரில் நல்ல பேர். சோலையம்மாளுக்கு வேலை. முருகலட்சுமிக்கு என்ன? பிரேயரில் அந்தக் கதையை வாசிக்கும்போது முன்னால் வந்து நிற்கிற வேலை. வருசத்துக்கு நாலு தரம் நின்றாள்.

அதன் பிறகு அவள் எதையும் வேணும் என்று கேட்க முடியாமல் போனது. திருவிழாவில் வளையல் கடையைப் பார்த்து நின்றால், "என்னடி, கதையில வேண்டாம்னு சொன்ன, இப்ப இப்படிப் பாக்குற" என்று சிரிப்பார்கள். பதினைந்து வயசில் பஞ்சாலை வேலைக்குப் போனாள். அங்கே யாருடைய பை காணாமல் போனாலும், புத்தகத்துல வந்தவ தேடட்டும் என்று அவளைத்தான் தேடச் சொல்வார்கள். தேடும்போது அவள் கையையே பார்த்துக்கொண்டும் நிற்பார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் சோலையம்மாள் காப்பித் தண்ணிக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டினாள்.

சோலையம்மாளை நினைத்தால்தான் முருகலட்சுமிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். சாகும் வரை அந்தப் பொம்பளை, எம் பிள்ளை ஓடிப் போய்க் குடுத்தா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. நம்பினாள். அடித்த கையே மறந்து போகிற அளவுக்கு அந்த நாலு பக்கத்தை நம்பினாள். ஆத்தா, நீ என்னை அடிச்சியே என்று ஒரு தரம் கேட்டு, அவள் ஆமாத்தா என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். புத்தகம் அதற்கும் இடம் வைக்கவில்லை.

வாத்தியாரிடம் மட்டும் ஒரு தடவை கேட்டாள், மில்லுக்குப் போக ஆரம்பித்த வருசம், திருச்சுழி பஸ்ஸுக்குள் வைத்து. அவர் கெட்டவர் இல்லை. "திருடின்னு பேரு வந்துருந்தா நீ அந்த ஊருல தலை நிமிர்ந்து நடந்துருப்பியாம்மா? நல்லதுக்குத்தான் எழுதுனேன்" என்றார். எடுத்த பிள்ளைக்கு வேறு பேரே கிடையாதா, திருடி, உத்தமி ரெண்டே ரெண்டுதானா என்று கேட்க அவளுக்கு அப்போது தெரியவில்லை. அதற்குள் வாத்தியார் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

இப்போது சமைக்கிற பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்குள் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்க விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அவள் ஒன்றை எடுத்துப் புரட்டுவாள். அவள் காலத்துப் புத்தகங்களில் விடியக்காலை எழுந்து பல் விளக்கிப் பெரியவர்களைக் கும்பிடுகிற பையன் ஒருத்தன் இருப்பான், சொல் பேச்சுக் கேளாமல் மரத்தில் ஏறிக் காலை ஒடித்துக்கொள்கிற பையன் ஒருத்தன் இருப்பான், வேறு ஆளே கிடையாது. இப்போது அப்படி இல்லை. இப்போதைய புத்தகத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள், கோபித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் படுக்கிறார்கள், அப்பாவை மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். பரவாயில்லையே, பிள்ளைகளுக்கு வாய் வந்துவிட்டதே என்று அவள் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தில் மண்ணைப் போடத்தான் கிருஷ்ணப்ரியா வந்தாள்.

களத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த ஆறு வயசுப் பிள்ளைதான். சென்னையில் இருக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதுகிறாள். வீட்டம்மா காலமாகி, புஞ்சையை விற்று வருசங்களாகிவிட்டன. கார் வந்து வாசலில் நின்றதும் முருகலட்சுமி வாங்க பாப்பா என்றாள். கிருஷ்ணப்ரியாவுக்கு நாற்பது நெருங்கப் போகிறது, இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை இந்த ஊருக்குப் பாப்பாதான்.

அவள் எழுதிக் கொண்டுவந்த புத்தகம் அழகாகத்தான் இருந்தது. வழுவழுவென்ற தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். பேரு 'உதற மாட்டேன்'. இந்த லட்சுமிக்குத் தலை பரட்டை, நிறம் கருப்பு, கண் பெரிசு. மடியை உதறு என்றதும் கையைக் கட்டிக்கொண்டு, "என்னை ஏன் சந்தேகப்படுறீங்க?" என்று கேட்கிறாள். மற்றப் பிள்ளைகளும் வந்து அவள் பின்னால் கையைக் கட்டி நிற்கிறார்கள். கடைசியில் தோடு காக்காய்க் கூட்டில் கிடைக்கிறது. வீட்டம்மா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டு லட்சுமியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். பின் அட்டையில், எப்போதோ சுகந்தி எடுத்துப் போனில் போட்ட முருகலட்சுமியின் போட்டோ. இந்தக் கதையின் நாயகி இவரே என்று கீழே எழுதியிருந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? யாரையும் கேட்கவில்லை.

முருகலட்சுமி கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்கிற வரைக்கும் கிருஷ்ணப்ரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லட்சுமியக்கா, அன்னைக்கு நான் எல்லாத்தையும் பாத்தேன். இத்தனை வருசமா மனசுல கெடந்து அறுத்துச்சு. எங்கம்மா ஒங்ககிட்ட கேக்காத மன்னிப்ப நான் இந்தப் புத்தகத்துல கேட்டுட்டேன்."

"புத்தகத்துல கேட்டா அது எனக்கு எப்படி வந்து சேரும் பாப்பா?"

கிருஷ்ணப்ரியாவுக்கு முகம் சுண்டிவிட்டது. முருகலட்சுமி விடவில்லை. காக்காய் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், எனக்கு வேணும் போல இருந்தது, எடுத்து முடிந்துகொண்டேன், நீங்கள்தான் பார்த்தீர்களே, தோடு எங்க ஆத்தா கையிலிருந்து விழுந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். அது தெரியும் என்றாள் கிருஷ்ணப்ரியா. தெரிந்துதான் மாற்றினாளாம். அதை அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்குத் தப்பான உதாரணமாகிவிடுமாம். அதோடு, தப்பே செய்யாத பிள்ளை என்று இருந்தால்தான் அந்த மன்னிப்புக்கே அர்த்தம் வருகிறதாம்.

முருகலட்சுமி புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"அப்ப, எடுத்த பிள்ளைய அடிச்சா சரியா பாப்பா?"

கிருஷ்ணப்ரியா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்து வாத்தியாருக்குப் பிள்ளை உத்தமியாக இருந்தால்தான் கதை. இந்தக் காலத்துக் கிருஷ்ணப்ரியாவுக்குப் பிள்ளை வீராங்கனையாக இருந்தால்தான் கதை. பயந்து போய், ஆசைப்பட்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ள ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே புத்தக வெளியீடு என்று முடிவாகியிருந்தது. முருகலட்சுமி மேடைக்கு வந்து, ஆமாம், இது என் கதைதான் என்று சொல்ல வேண்டும். முடியாது, ஏறினால் நடந்ததைத்தான் சொல்வேன் என்று அவள் சொன்ன செய்தி தலைமையாசிரியை காதுக்குப் போய்விட்டது. அந்தம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ஸ்டோர் ரூம் சாவி ஒங்ககிட்ட இருக்கு, அரிசி பருப்பு எல்லாம் ஒங்க பொறுப்பு, நான் எடுத்தேன்னு நீங்களே எந்திரிச்சு நின்னு சொன்னா நாளைக்கு ஒரு கிலோ பருப்பு குறைஞ்சாலும் யாரைச் சொல்லுவாங்க, யோசிச்சுப் பாருங்க என்றார்கள். வேலையை வைத்து மிரட்டுவது எவ்வளவு மரியாதையாக வருகிறது பார்த்தீர்களா.

முத்துராஜும் அதையேதான் சொன்னார். முப்பத்து மூணு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்த, இன்னும் ஒரு நாள் இருந்தா என்ன கொறஞ்சு போகும், பிள்ளை படிப்பு முடியட்டும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வேனுக்கு லோனு கட்டுகிற வீட்டில் இன்னொரு சம்பளம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். அடுத்த ரெண்டு நாளும் கிச்சடியில் உப்பு கூடிவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போய் மேடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடை என்றால் ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுச் சமுக்காளம் விரித்தது. ஊராட்சித் தலைவர் உக்கிரபாண்டி புத்தகத்தை வெளியிட்டார். கிருஷ்ணப்ரியா அருமையாக வாசித்தாள், அதைக் குறை சொல்ல முடியாது. லட்சுமி கையைக் கட்டி நிற்கிற இடம் வந்ததும் நாற்பத்தாறு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டன. காக்காய்க் கூடு வந்ததும் கைதட்டின. அந்த லட்சுமி இப்ப யாரு தெரியுமா என்று கேட்டு, கிருஷ்ணப்ரியா அவள் பக்கம் கையைக் காட்டினாள். தினமும் தட்டில் சோறு போடுகிற ஆயாம்மாவா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தன.

முருகலட்சுமி எழுந்தாள். மைக்கைக் கையில் வாங்கவில்லை.

"இது என் கதை இல்ல பிள்ளைகளா. அந்தத் தோட்ட நாந்தான் எடுத்தேன். குடுக்கணும்னும் எடுக்கல, விக்கணும்னும் எடுக்கல. அழகா இருந்துச்சு, ஒரு தடவை போட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு. மடியில முடிஞ்சேன். ஒதறச் சொன்னப்ப நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கல. பயத்துல நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எங்க ஆத்தா என்னைய அடிச்சா. யாரும் மன்னிப்புக் கேக்கல."

ஒண்ணுக்கு என்றதும் முன்வரிசையில் ரெண்டு பயல்கள் சிரித்தார்கள். அடுத்த வார்த்தையில் சிரிப்பு நின்றுவிட்டது. தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஊர்ப் பையன் பொன்ராஜ் போனைத் தாழ்த்திவிட்டான். கிருஷ்ணப்ரியா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். உக்கிரபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்ல ஆயத்தமாகி எழுந்தார். எடுத்தது தப்பு, ஆனா ஒத்துக்கிட்டது பெரிய மனசு என்று ஆரம்பித்து அவர் மூன்றாவது கதை ஒன்றைக் கட்டப் போகிறார் என்பது முருகலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் மூணாங்கிளாஸ் முத்துலட்சுமி எழுந்து நின்றாள்.

"ஆயாம்மா, அதப் போட்டுப் பாத்தீகளா?"

முப்பத்து மூணு வருசத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கதை எழுதினவர் கேட்கவில்லை, படம் போட்டவர்கள் கேட்கவில்லை, பெத்தவள் கேட்கவில்லை. முருகலட்சுமியின் கை காதுக்குப் போனது.

"இல்லத்தா. அதுக்குள்ள வாங்கிட்டாக."

முத்துலட்சுமிக்கு வந்ததே கோபம். அவள் ஆயாம்மாவைப் பார்க்கவில்லை. நேராகக் கிருஷ்ணப்ரியாவைப் பார்த்து, "கொஞ்ச நேரம் போட்டுப் பாக்க விட்டுட்டு வாங்கிருக்கலாம்ல?" என்று கேட்டாள். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.